எண்பத்தேழரைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அது பிற்பாடு படவேண்டிய கஷ்டம். போன வருஷம் அங்கே எத்தனை மார்க்குக்கு இடம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள்ளேயே தராசக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

தராசக்கா என்பது முட்டைக் கூடத்தில் வைத்த பெயர். பதினாலு வருஷமாக அங்கே முட்டை பிரிக்கிறாள். பண்ணைகளிலிருந்து வந்து இறங்கும் முட்டைகளை விளக்குப் பெட்டியின் மேல் உருட்டி, விரிசல் உண்டா, உள்ளே ரத்தப் பொட்டு உண்டா என்று பார்த்து, எடை வாரியாக முப்பது குழித் தட்டுகளில் அடுக்குகிற வேலை. எடை போட எந்திரம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அது நாலு முட்டையை ஓட்டும், ஐந்தாவதில் நின்றுகொள்ளும். இவளோ முட்டையை உள்ளங்கையில் வைத்த மாத்திரத்தில் "அம்பத்தெட்டு" என்பாள். சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தவர்களுக்கு வாய் அடைத்துப் போயிருக்கிறது.

இந்தப் பெயரோடு கூடவே ஒரு வீம்பும் அவளிடம் வளர்ந்துவிட்டது. கூடத்து சூப்பர்வைசருக்கும் அவளுக்கும் வாரத்தில் மூன்று நாள் சண்டை.

"அக்கா, தட்டு மொத்தமா ஆயிரத்து எண்ணூறு கிராம் இருந்தா கடைக்காரங்க வாங்கிக்கறாங்க. ஒண்ணு அம்பத்தெட்டு இருக்கட்டும், பக்கத்துல ஒண்ணு அறுபத்திரண்டு இருக்கட்டும். சரியாப் போச்சுல்ல?"

"தட்டுல என்ன அச்சடிச்சிருக்கு?"

"அறுபது."

"அறுபதுன்னா அறுபது. அம்பத்தெட்டு வேணும்னா அம்பத்தஞ்சு தட்டுல போய்ப் படுக்கட்டும்."

சூப்பர்வைசர் நெற்றியில் அடித்துக்கொண்டு போவார். அவள் கைபட்ட தட்டில் அறுபதுக்குக் குறைந்த முட்டை ஒன்றுகூட இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் என்றே சொல்லலாம்.

மகளுக்கு மருத்துவப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு எண்பத்தாறு வந்தது. விண்ணப்பம் ஒன்றுதான். அதில் நாலே நாலு கல்லூரியை விருப்ப வரிசையில் எழுதலாம். அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. நாட்டில் இருப்பதோ இருபத்திரண்டு கல்லூரி. தகுதிக்கு மீறியதாக நாலை எழுதி வைத்தால் ஒரு வருஷம் வீண்; அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் போன வருஷம் எந்த மார்க்குக்கு ஆள் எடுத்தது என்று பார்த்து எழுத வேண்டும். மகள் பகல் முழுக்க மருந்துக் கடையில் வேலைக்கு நின்றாள். அப்பாவோ முட்டை வேன் ஓட்டுகிறவர். எண்கள் என்றால் அவருக்கு வண்டி நம்பர் மட்டும்தான். எனவே அந்தப் பொறுப்பு எடை பார்க்கத் தெரிந்தவளின் தலையில் வந்து விழுந்தது.

"நீ எழுதினா சரியா இருக்கும்மா," என்றாள் மகள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தராசக்கா இத்தனை பாடுபட்டாள்.

வேலை முடிந்து வந்து, கை கழுவி, மகளின் பழைய கணினி முன்னால் உட்காருவாள். ஒரு கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் கட்டடத்தின் படம் பதினாலு இருக்கும், மார்க் இருக்காது. இன்னொன்றில் மூன்று வருஷத்துக்கு முந்தின விவரம் கிடக்கும். வேறொன்று விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று போட்டிருக்கும், எடுத்தது எத்தனை பேர் என்று போடாது. ஒரு மகானுபாவக் கல்லூரி, 'எங்கள் மாணவர்களை வெறும் எண்களால் அளப்பதில்லை' என்று எழுதி வைத்திருந்தது.

"அப்புறம் என்ன எழவுக்குடா பரீட்சை வைக்கறீங்க?" என்று கணினியைப் பார்த்தே கேட்டாள்.

ஆனாலும் விடவில்லை. கூடத்திலிருந்து கொண்டுவந்த நீள நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். இந்தப் பக்கம் கல்லூரி, அந்தப் பக்கம் மார்க். கிடைத்த எண்ணை எல்லாம் அந்த ஒரே பத்தியில் அடுக்கினாள். பிறகு கூடத்தில் விரிசல் முட்டைத் தட்டைக் குறிக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்து, எண்பத்தாறுக்கு மேலே இருந்ததை எல்லாம் வரிசையாக அடித்தாள். அடித்ததில் ஆற்றங்கரைக் கல்லூரியும் போயிற்று. அதற்கு எதிரே எண்பத்தேழரை என்று இருந்தது.

மகளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். எக்ஸ்ரே எடுக்க வந்து வழி தெரியாமல் நிற்கிறவர்களைக் கூட்டிப்போய் விடுகிறாள். எந்த வார்டில் எந்த ஜன்னல் மூடாது என்பது வரை அவளுக்குத் தெரியும். நோட்டைப் பார்த்தவள் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதையும் அடிச்சிட்டியா?"

"எண்பத்தேழரைடி. உனக்கு எண்பத்தாறு. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சரிம்மா," என்று சொல்லி எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அந்த வாரம் சனிக்கிழமை, தலைவலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கல்லூரியின் வெப்சைட்டில் அந்த எண்பத்தேழரைக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. முட்டைக் கூடத்தில் தட்டின் ஓரத்தில் சாக்கட்டியால் நட்சத்திரம் போட்டால், இதில் ஏதோ கோளாறு, இன்னொரு தடவை பார் என்று அர்த்தம். நட்சத்திரம் போட்ட தட்டைப் பார்க்காமல் வேனில் ஏற்றுவது தராசக்காவின் சரித்திரத்திலேயே கிடையாது. பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தாள். 'விளக்கத்துக்கு மூன்றாம் இணைப்பைக் காண்க' என்று இருந்தது. மூன்றாம் இணைப்பை அழுத்தினால், 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்று வந்தது.

மறுநாளிலிருந்து ஆற்றங்கரைக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட ஆரம்பித்தாள். கூடத்துக்குள் போன் எடுக்காது. சரக்கு ஏற்றுகிற வாசலுக்குப் போய் நின்றால்தான் பேச முடியும். அங்கே நின்றால் சாரல் அடிக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் ரொட்டியும் அவித்த முட்டையும், இன்னொரு கையில் போனுமாக, ஒரு தோள் நனைய நிற்பாள். முதலில் இசை போடுவார்கள். ரொட்டி தீரும்வரை இசை ஓடும்.

"சொல்லுங்க," என்றது ஒரு ஆண் குரல்.

"சார், உங்க வெப்சைட்ல எண்பத்தேழரை பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கீங்க. அது என்ன?"

"அந்த விவரம் எல்லாம் வெப்சைட்ல இருக்கும்மா."

"வெப்சைட்ல அந்தப் பக்கமே இல்லைன்னு வருது சார்."

"அப்படியா? அப்போ சேர்க்கைப் பிரிவைத்தான் கேக்கணும்."

"இது எந்தப் பிரிவு?"

"இதுவும் சேர்க்கைப் பிரிவுதான். ஆனா புள்ளிவிவரம் பாக்கற மேடம் லீவுல இருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"சொல்லிட்டாம்மா லீவு போடுவாங்க? உங்க பேரு, நம்பர் சொல்லுங்க, சீட்டு எழுதி வைக்கிறேன்."

"முட்டைக் கூடத்துலேர்ந்துன்னு எழுதுங்க. அப்பத்தான் ஞாபகம் இருக்கும்."

இப்படி எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு குரல், அதே சீட்டு. கல்லில் நார் உரிக்கிற வேலை.

வீட்டில் வேறு விதமான இம்சை. கணவரின் தம்பி ஒருவர் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். 'விவரம் தெரியாம பேசாதீங்க' என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார் என்பதால் அந்த வீட்டில் அவருக்கு விவரம் சித்தப்பா என்றே பெயர். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், விரிசல் முட்டையைப் பொரித்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

"விவரம் தெரியாம அலையறீங்க அண்ணி. மலையடிவாரக் காலேஜைப் போடுங்க. நூத்துக்கு எண்பது பேரை எடுக்கறாங்க."

"யார் சொன்னது தம்பி?"

"என்கிட்ட வண்டி பழகறவரோட மச்சான் அங்கதான் படிக்கிறான்."

தராசக்கா நோட்டைப் புரட்டினாள். "அந்தக் காலேஜுக்கும் பேசிட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவங்கள்ல எண்பது பேர். நூறு பேர் விண்ணப்பம் போட்டா பன்னெண்டு பேரைத்தான் நேர்முகத்துக்கே கூப்பிடறாங்க. அந்தப் பன்னெண்டுல நூத்துக்கு எண்பது பங்கு. அதாவது பத்து பேர்கூட இல்ல."

"எண்பதுதானே அண்ணி நானும் சொன்னேன்?"

"எதுல எண்பதுன்னு கேக்கணும் தம்பி! எண்பதுன்னா போதுமா? எதோட எண்பதுன்னு தெரியாம எண்ணை மட்டும் தூக்கிட்டு வந்தா, வால் இல்லாத பட்டம் மாதிரி தலையில வந்து முட்டும்."

வேன்காரக் கணவர் ரொட்டியைப் பிட்டபடி, "விடு, அவன் நல்லதுக்குத்தானே சொல்றான்," என்றார்.

"நீங்க சாப்பிடுங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். தராசக்காவுக்கு அதைப் பார்த்ததில் வயிறு நிறைந்துவிட்டது. தான் கேட்ட கேள்வியைத் தன் நோட்டைப் பார்த்தும் ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஊரார் எண்ணைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தன் எண்ணைத் தட்டிப் பார்க்க எங்கே நேரம்?

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது. மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். 'சாயங்காலம் அனுப்பிடறேன்' என்று காலையில் சொன்னாள். ஏன் சாயங்காலம் வரை என்று தராசக்கா கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

அன்றைக்கு மழை விடாமல் பெய்தது. எந்திரம் காலையிலேயே படுத்துவிட்டது. அத்தனை முட்டையும் கையால் பிரிக்க வேண்டும். விளக்குப் பெட்டியின் சூடும், ஈரத் தட்டின் அட்டை வாசனையும், முதுகு வலியும். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கு மட்டுமாவது சொல்றதைக் கேளுங்க. மொத்த எடை சரியா இருந்தாப் போதும். அம்பத்தெட்டை எல்லாம் தனியாப் பொறுக்கிட்டு இருந்தா வேன் எப்ப கிளம்பறது?"

"அறுபதுன்னா..."

"அறுபதுங்கறது சராசரிக்கா! எத்தனை வருஷமாச் சொல்றேன்! கூடுறதும் இருக்கும், குறையறதும் இருக்கும். உங்களை யாரு ஒவ்வொண்ணா நிறுக்கச் சொன்னது?"

"உங்க சராசரியை நீங்களே வச்சுக்குங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு வாசல் பக்கமாக நின்ற பையன் ஒருவன், "தராசக்கா, வாசல் மேசை மேல உங்க போன் அடிக்குது," என்று கத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"முட்டைக் கூடத்து அம்மாங்களா?" ஒரு பெண் குரல், தொண்டை கட்டியிருந்தது. "லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வந்தேன். என் மேசையில உங்க சீட்டு மட்டும் எட்டு கெடக்கு. என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"எண்பத்தேழரை பக்கத்துல நட்சத்திரம் மேடம். அது என்ன?"

"இதுக்காம்மா எட்டு தடவை? அது சராசரின்னு அர்த்தம். போன வருஷம் சேர்ந்த நூத்தம்பது பேர் மார்க்கையும் கூட்டி வகுத்தது."

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. தராசக்கா போனைக் காதோடு அழுத்தினாள்.

"அப்ப, எண்பத்தேழரைக்குக் கீழ இருக்கறவங்களையும் எடுத்திருக்கீங்களா?"

"எடுக்காம எப்படிம்மா சராசரி வரும்? கிட்டத்தட்ட பாதிப் பேர் அதுக்குக் கீழேதான். இருங்க... கடைசியாச் சேர்ந்த பொண்ணுக்கு எண்பத்து நாலு."

"என் பொண்ணு எண்பத்தாறு மேடம்."

"கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நேர்முகம் இருக்கு, இந்த வருஷம் எப்படியோ தெரியாது. ஆனா கேக்கவே கூடாதுன்னு யாரும் சொல்லலையே. விண்ணப்பம் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல மேடம்," என்று சொல்லிப் போனை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். தனியாகப் பொறுக்கி வைத்த ஐம்பத்தெட்டு கிராம் முட்டைகள் மேசை ஓரத்தில் நாலு தட்டு நிறைய இருந்தன. எல்லாம் நல்ல முட்டை. ஒன்றில்கூட விரிசல் கிடையாது. முட்டை பிரிக்கிற கையாலேயே பெற்ற பிள்ளையையும் பிரித்து ஓரமாக வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்கு அவள் மேலேயே வந்த ஆத்திரம், எட்டு போனில் அந்த அலுவலகத்தின் மேல் வந்த ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மகளுக்குப் போன் போட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். வேன்காரர் அப்போதுதான் கடைசி லோடை ஏற்றிக்கொண்டிருந்தார். போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு விடுங்க."

"வீட்டுக்கா? லோடு இருக்கே. என்னாச்சு?"

"விடுங்கன்னா விடுங்க."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான் மண்டை சரியில்ல. ஓட்டுங்க."

முட்டை வேன் என்பது அவசரத்துக்குப் பிறந்த வண்டி அல்ல. குழியில் இறங்கும்போது மாமியாரைக் கைப்பிடித்து இறக்குவது போல் இறக்க வேண்டும். வேன்காரர் பழக்கதோஷத்தில் அப்படித்தான் ஓட்டினார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

"பின்னால ஆறாயிரம் முட்டை இருக்கு. பறக்கவா சொல்றே?"

"உடைஞ்சா உடையட்டும்!"

வேன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதில்லை. ஒன்றும் கேட்காமல் காலை அழுத்தினார். பின்னால் தட்டுகள் கடகடத்தன. அவள் போனைப் போட்டுக்கொண்டே வந்தாள். மகளின் போன் வேறொரு அழைப்பிலேயே இருந்தது.

தெருமுனையிலேயே இறங்கி, மழையில் ஓடி, செருப்போடு வீட்டுக்குள் போனபோது மணி நாலு நாற்பத்தொன்று. மகள் கணினி முன்னால் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள்.

"சரி சித்தப்பா... தெரியும் சித்தப்பா... மலையடிவாரம்தானே, சரி சித்தப்பா..."

தராசக்கா போனைப் பிடுங்கினாள். "தம்பி, அப்புறமா விவரம் சொல்லுங்க," என்று வைத்தாள். "அனுப்பிட்டியாடி?"

"இல்ல."

திரையைப் பார்த்தாள். மூன்று வரி நிரப்பியிருந்தது. எல்லாம் நோட்டில் தப்பிப் பிழைத்த கல்லூரிகள். நாலாவது வரி வெறுமையாக இருந்தது.

"இது ஏண்டி காலியா இருக்கு?"

"நீதான் இன்னும் அந்த நட்சத்திரத்துக்குப் பதில் வாங்கலையே," என்றாள் மகள். "வாங்காம விடமாட்டேன்னு தெரியும். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம்னு வச்சிருந்தேன்."

தராசக்கா அப்படியே ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அது சராசரிடி. கடைசி மார்க் எண்பத்து நாலு. நான்தான் அதைக் கடைசி மார்க்குன்னு நெனச்சு அடிச்சிட்டேன். இந்த நோட்டுல எது சராசரி, எது கடைசி மார்க்குன்னு எனக்கே தெரியாது. எல்லாத்தையும் ஒரே பத்தியில போட்டு வச்சிருக்கேன். தப்பு என்னோடது."

மகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் குரல் உடைந்தது.

"மூணு வாரமா எனக்கு அங்க நிக்கறதுக்கே தகுதி இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேம்மா. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவே வெக்கமா இருந்துச்சு. ஒரு தடவை நீ சரியாப் பார்த்திருக்கக் கூடாதா?"

"பார்த்திருக்கணும்."

"மத்தவங்களை எல்லாம் எதுல எண்பதுன்னு கேக்கறே!"

"கேக்கறேன். என்னைக் கேக்கல. திட்டுடி, நல்லாத் திட்டு. ஆனா அஞ்சு மணிக்கு மேல திட்டு. இப்ப மணி நாலே முக்கால். முதல் வரியில அதைப் போடு."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள். மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆற்றங்கரைக் கல்லூரி மேலே ஏறி உட்கார்ந்தது. அனுப்பு என்று அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "இதுக்கு வேற நம்ம எந்திரத்தோட வியாதி," என்று தராசக்கா பல்லைக் கடித்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று வந்தது.

வேன்காரர் அப்போதுதான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்தார். பெண்டாட்டி சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருக்கிறாள், மகள் அழுத முகத்தோடு இருக்கிறாள். மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பவாவது சொல்லுங்களேன். என்னாச்சு?"

தராசக்கா துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தாள்.

"நல்ல முட்டை ஒண்ணைத் தப்பான தட்டுல பிரிச்சு வச்சிட்டேன். எடுத்துத் திரும்ப வச்சாச்சு."

அவருக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் முட்டை வண்டி ஓட்டுகிறவர் எதை முதலில் கேட்பாரோ அதைக் கேட்டார்.

"உடையலையே?"

தராசக்கா மகளின் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கண் சிவந்திருந்தது. மகள் அவள் கையைத் தட்டிவிட்டு, "போம்மா," என்றாள்.

"உடையல," என்றாள் தராசக்கா.